முதுகு காட்டி நின்றவளின் வசனம்

ஏரிக்கரையில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்து வீடு கட்டிக்கொண்டு, வாசலுக்கு ஒரு தாழ்ப்பாள்கூடப் போடாமல் தூங்குகிறவர்களுக்கு என்ன கதி வரும் என்று கனகவல்லிக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஈரக்கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் டிவியில் ஏரி வந்துவிட்டது. மேலேயிருந்து காட்டினார்கள். எல்லாப் படத்திலும் மேலேயிருந்துதான் காட்டுவார்கள். பிறகு ஒரு கார் வளைந்து வளைந்து காட்டுக்குள் போகும். காருக்குள் ஒருத்தன் காகிதக் குவளையில் காபி குடித்துக்கொண்டே ஓட்டுவான். அந்தக் குவளையில் காபியே இருக்காது. தூக்குகிற தூக்கிலேயே தெரியும், ஒரு சொட்டுக் கனம் இருக்காது. இத்தனை கோடி கொட்டிப் படம் எடுக்கிறவன் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றிக் கொடுக்கக் கூடாதா? ‘ஏரிக்கரை எமன்’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தார்கள், இங்கிலீஷில் என்னவோ. பெயர் எதுவானால் என்ன, எல்லாம் அரைத்த மாவுதான். ‘ரிட்டயர் ஆக ரெண்டே நாள்தான் இருக்கு’ என்று எந்தப் போலீஸ்காரன் வாயைத் திறந்து சொல்கிறானோ அவன் பாதிப் படத்துக்குள் பிணம். தோளில் தட்டி, பீர் பாட்டிலை நீட்டி, ‘உனக்கு நான் இருக்கேன்டா’ என்கிறவன்தான் கொலைகாரன். சுவிட்சு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், ஒருத்தியும் விளக்கைப் போட மாட்டாள், ‘யாரு அங்க?’ என்று கேட்டுக்கொண்டே இருட்டில் படி இறங்குவாள். உள்ளே வந்தவன் ‘நான்தாங்க, வெட்ட வந்திருக்கேன்’ என்று பதில் சொல்லவா போகிறான்? அப்புறம் அந்தப் பால். துக்கம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் ஃபிரிட்ஜைத் திறந்து பாக்கெட்டோடு வாயில் வைத்துப் பச்சைப் பாலைக் குடிப்பான்கள், காய்ச்சவும் தெரியாது, ஆற்றவும் தெரியாது. இந்த மாதிரிப் படங்களைக் கனகவல்லி பார்த்த அளவுக்கு அமெரிக்காக்காரனே பார்த்திருக்க மாட்டான். ஒன்றாவது நன்றாக இருந்தது என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது.

ஆனாலும் பார்த்தாள். ஏனென்றால் அந்த வெள்ளைக்காரன்களில் யாராவது ஒருத்தன் வாயைத் திறந்தால் அவள் புருஷன் பேசுவான். ஞானசுந்தரம் டப்பிங் கலைஞர். சாலிகிராமத்தில் இந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து, ஏழு மாதத்துக்கு முன்னால் ஸ்டுடியோ வாசல் டீக்கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த நாள்வரைக்கும், அடுத்தவன் வாயசைப்புக்குப் பேசியே காலம் தள்ளினார். அதுவும் கதாநாயகனுக்கு இல்லை. அதற்கெல்லாம் வேறு ஆட்கள் இருந்தார்கள், கனமான தொண்டைக்காரர்கள். இவருக்கு விழுந்தது சாகிறவர்கள். ரிட்டயர் ஆக ரெண்டு நாள் இருக்கிற போலீஸ்காரன் இவர்தான். பாலத்திலிருந்து தொங்கிக்கொண்டு ‘கைய விட்டுடு, நீயாவது பொழச்சுக்க’ என்கிறவன் இவர்தான். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சில சமயம் சாவைப் பழகிப் பார்ப்பார். ரசம் ஊற்றப் போனவள் கரண்டியோடு நின்றுவிடுவாள். ‘இது கத்திக்குத்து, இது குண்டு, வித்தியாசம் தெரியுதா கனகு?’ என்று கேட்பார். தெரியவில்லை என்றால் முகம் சுண்டிப்போகும். அத்தனை சாவு செத்துப் பார்த்த மனுஷன் நிஜமாகச் சாகும்போது ஒரு சத்தமும் போடவில்லையாம். டீக்கடைக்காரர் சொன்னார், ‘சும்மா பெஞ்ச்சில சாஞ்ச மாதிரி இருந்துச்சும்மா, தூங்குறாருன்னு நெனச்சேன்’ என்று. இன்றைக்குச் சாயங்காலம் யூனியன் ஹாலில் அவருக்குப் படத்திறப்பு. செத்த உடனே வைத்திருக்க வேண்டியது, இதோ அதோ என்று இழுத்து இன்றைக்கு நாள் குறித்திருந்தார்கள். சட்டம் போட்ட படத்துக்கு மாலை போட்டு, திரையை விலக்கி, நாலு பேர் மைக்கைப் பிடித்து, அவர் மாதிரி உண்டா என்பார்கள். உயிரோடு இருந்தபோது அதே ஹாலில் பின்வரிசையில் நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நின்றவர். அதை நினைத்தால் அவளுக்கு வாயெல்லாம் வேப்பங்காய். போகாமல் இருந்துவிட்டால் என்ன என்று காலையிலிருந்து ஒரு மனசு. மகள் நிவேதாவாவது வந்திருந்தால் பரவாயில்லை. அவள் கோயம்புத்தூரில் மாமனாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ‘நீ போயிட்டு வந்துடும்மா, அப்பாவுக்காக’ என்று ஃபோனில் மூக்கை உறிஞ்சினாள். அப்பாவுக்காக. அந்த அப்பாவின் குரலை நினைத்துப் பார் என்றால் அவள் யாரை நினைப்பாள்? கனகவல்லிக்கு இப்போதெல்லாம் இது ஒன்றுதான் பயம். ராத்திரி கண்ணை மூடி, அவர் ‘கனகு’ என்று கூப்பிட்டதை ஒருமுறை கேட்டுவிடலாம் என்று பார்ப்பாள். குரல் வரும். குரலோடு அந்த முகம் வராது. மீசை வைத்த ஒரு அமெரிக்கப் போலீஸ்காரன் வந்து, நீலக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு ‘கனகு’ என்பான். எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள். தன் புருஷனை நினைக்கப் போய் எவனையோ நினைத்துவிட்ட மாதிரி உடம்பெல்லாம் கூசும்.

இந்தப் படம் வேறு. வாரம் பூராவும் விளம்பரம் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதில் கேட்ட ஒரு வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. இதில் கதாநாயகனே அவர்தான். வழக்கமாகப் பேசுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் கடைசி நேரத்தில் இவரைக் கூப்பிட்டார்களாம். நாலு வருஷம் முன்னால் ஒரு சாயங்காலம் வந்து, செருப்பைக் கழற்றாமலே ‘ஹீரோவுக்குப் பேசிட்டேன் கனகு’ என்றார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ‘அப்படியா, கை கால் கழுவிட்டு வாங்க’ என்றாள். வேறென்ன சொல்ல வேண்டும், ஆரத்தியா எடுக்க முடியும்? அப்போதிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போடுவான் போடுவான் என்று காத்துக்கொண்டிருந்தார், ஒருத்தனும் போடவில்லை. இப்போது போடுகிறான், கண் கெட்ட பிறகு. டிவியில் அந்த ஆள் காரை விட்டு இறங்கினான். ஃப்ராங்க் என்று பெயர், துப்பறிகிற போலீஸ், தாடியைச் சிரைக்காத மூஞ்சி. ‘என்னா குளிருடா சாமி’ என்றான். அமெரிக்காவில் எந்தச் சாமியை இழுக்கிறான் என்று சிரிப்பு வந்தது. அவர்தான். சளி பிடித்த காலத்தில் வரும் அந்த அடிக்குரல்கூட இருந்தது. உள்ளேயிருந்து பெண்டாட்டிக்காரி வந்தாள், லிண்டா, மஞ்சள் முடி, வீட்டுக்குள்ளேயே செருப்பு. ‘வந்துட்டீங்களா?’ என்றாள். கனகவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மனோகரி. இந்தக் குரலைத் தண்ணீருக்கடியில் கேட்டாலும் கண்டுபிடிப்பாள். சாகிறவர்களுக்கு ஞானசுந்தரம் என்றால், சாகிறவர்களின் பெண்டாட்டிகளுக்கு மனோகரி. எத்தனை படத்தில் இந்தப் பெண் அவருக்காக அழுதிருக்கிறாள், எத்தனை படத்தில் இவர் அவளைச் ‘செல்லம்’ என்று கூப்பிட்டிருக்கிறார். கட்டின பெண்டாட்டியை ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒருமுறை வீட்டு ஃபோனில் ‘சார் இருக்காங்களா?’ என்று அந்தக் குரல் கேட்டபோது, துப்பாக்கி வைத்திருக்கிற வெள்ளைக்காரி யாரோ வாசலில் நிற்கிற மாதிரி கனகவல்லிக்குப் பகீரென்றது. அன்றைக்கே கேட்டுவிட்டாள், சுற்றி வளைக்காமல். அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: ‘அட போடி. இப்பல்லாம் தனித்தனி ட்ராக்கு. அவ காலைல வந்து அழுதுட்டுப் போயிடுவா, நான் சாயங்காலம் போயி சமாதானம் சொல்லுவேன். மூஞ்சியப் பாத்தே மாசக்கணக்காவுது.’ சிரிப்பாகத்தான் இருந்தது. நம்பினாள். முக்கால்வாசி நம்பினாள். மிச்சக் கால்வாசியை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டிவி முன்னால் உட்கார்ந்து, அந்தப் பெண் மூச்சு வாங்குகிறபோது இவர் மூச்சு எங்கே இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு சரிபார்த்தாள். சீ, என்ன பிழைப்பு இது என்று டிவியை அணைப்பாள், அடுத்த வாரம் மறுபடியும் போடுவாள்.

படம் ஊர்ந்தது. ஃப்ராங்குக்கு எவனோ ஃபோன் செய்தான், ஏரியில் ஒரு பிணம் என்று. லிண்டாவுக்குக் கோபம், இன்றைக்காவது வீட்டில் இருக்கக் கூடாதா என்று. வார்த்தை தடித்தது. அவன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தான். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி, முதுகு காட்டி நின்றாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அப்போது மனோகரியின் குரலில் அந்த முதுகு கேட்டது: ‘சாவி எடுத்தாச்சா? கோவத்த விட்டாச்சா?’ வாசலில் நின்றவன் திரும்பிப் பார்த்தான், உதடு லேசாக அசைந்தது, ஞானசுந்தரத்தின் குரலில் ‘எடுத்தாச்சு. விட்டாச்சு’ என்றான். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. கனகவல்லி ரிமோட்டைக் கையில் பிடித்தபடி இருந்தாள். அது அவளுடைய வாக்கியம். இந்த உலகத்தில் அவள் சொந்தமாகச் சேர்த்துச் சொன்ன வாக்கியம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். கல்யாணமான முதல் வருஷம், எதற்கோ சண்டை, என்னவென்றுகூட இப்போது நினைவில்லை, அவர் கதவை அறைந்துவிட்டுப் போனார். சாவியை எடுத்துக்கொண்டு போகவில்லை. அவள் சாயங்காலம் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தால் மனுஷன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார். கீழ்வீட்டு அம்மா இரக்கப்பட்டுக் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டு, அந்த வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவருக்கு ரெண்டு நாள் பேச்சு வரவில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது அடுக்களையிலிருந்து, தாளித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: சாவி எடுத்தாச்சா, கோவத்த விட்டாச்சா? கேலிக்குத்தான் கேட்டாள். அப்புறம் அது பழக்கமாகி, பழக்கம் சாமி கும்பிடுகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் எங்கே கிளம்பினாலும் கேட்டாள், சண்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவர் பதில் சொன்னதே கிடையாது. ஒருநாள்கூட. சாவிக் கொத்தைக் குலுக்குகிற சத்தம் வரும், அவ்வளவுதான். முதல் கேள்விக்கு அது பதில் என்று வைத்துக்கொள்ளலாம், ரெண்டாவதற்கு என்ன குலுக்குவது? அந்தக் கடைசிக் காலையிலும் கேட்டாள். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார், சட்னியில் அவள் உப்பே போடவில்லை, அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ‘இதத் தின்னு உசுரு வாழணுமா’ என்றார். அவள் கேட்டாள். கிரில் கேட் அடித்துச் சாத்தின சத்தம் வந்தது. சாவி மேஜைமேல்தான் கிடந்தது. ஏழு மாதமாக அந்தக் கேட்டு அவள் காதுக்குள் அடித்துக்கொண்டேயிருக்கிறது. இங்கே என்னவென்றால், முகம் தெரியாத ஒரு ஊரில், கண்ணாடி வீட்டில், மஞ்சள் முடிக்காரியின் முதுகுக்குப் பின்னால் நின்று, எவ்வளவு சாந்தமாகச் சொல்கிறார், விட்டாச்சாம்.

விளம்பரம் வந்தது. சோப்பு, நகைக்கடை, முட்டிவலித் தைலம். அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள், எதற்குப் போனோம் என்று தெரியாமல் தொட்டியில் கிடந்த தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பார்கள். இந்த மனுஷன் பெண்டாட்டி வீட்டு நெய்யை எடுத்து ஊராருக்கு ஊற்றியிருக்கிறார். எப்படிப் போயிற்று அந்த வாக்கியம் மனோகரி வாய்க்கு? வசனம் எழுதுகிறவனுக்குக் கனகவல்லி வீட்டு அடுக்களை தெரியுமா? இவர் சொல்லியிருக்க வேண்டும். எப்போது சொன்னார்? ஒரே மைக்குக்கு முன்னால் ரெண்டு பேரும் நின்றுகொண்டு, ‘எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, கெளம்பும்போதெல்லாம் ஒரு கேள்வி கேக்கும்’ என்று சொல்லிச் சிரித்தாரா? அவளும் சிரித்தாளா? டீ குடித்தார்களா? தனித்தனி ட்ராக்கு என்றாரே, இட்லியைப் பிட்டுக்கொண்டே, கண்ணைப் பார்க்காமல். கண்ணைப் பார்த்தாரா பார்க்கவில்லையா? மனசு அந்த இட்லித் தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போயிற்று, செக்குமாடு மாதிரி. தேங்காய்ச் சட்னி, அவர் விரல், மோதிரம், குனிந்த தலை. வந்து உட்கார்ந்தபோது படம் மறுபடி தொடங்கியிருந்தது, லிண்டா செத்துக்கொண்டிருந்தாள். அதே அடுப்புக்குப் பக்கத்தில், விளக்கைப் போடாமல், ‘யாரு அங்க?’ என்று கேட்டுவிட்டு. மனோகரி கத்துகிற கத்து கனகவல்லிக்கு மனப்பாடம், முதலில் ஒரு மூச்சை உள்ளே இழுப்பாள். நல்லா வேணும் என்று ஒரு நினைப்பு எழுந்தது. உடனே, அந்த வாக்கியத்தைக் கேட்ட வாய் அல்லவா அது, சாகிறது நானல்லவா என்று இன்னொன்று எழுந்தது. அப்புறம் வழக்கமான சாவு. மழை பெய்ய வேண்டும், எல்லாரும் கறுப்புக் குடை பிடிக்க வேண்டும், ஒருத்தரும் மாரில் அடித்துக்கொள்ளக் கூடாது. பாதிரியார் ரெண்டு வரி சொல்வார், பெட்டி குழிக்குள் இறங்கும், அதோடு சரி. பதினாறு கிடையாது, வீட்டைக் கழுவிவிட வேண்டியதில்லை, வந்தவர்களுக்கு இலை போட வேண்டியதில்லை, ‘எப்படி ஆச்சு?’ என்று நூறு பேருக்கு நூறு முறை சொல்ல வேண்டியதில்லை. அவன் நேரே போய்த் துப்பாக்கிக்குத் தோட்டா போடுவான். இந்தப் படங்களிலேயே அவளுக்கு ஆகாத இடம் இது. பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடாதவன், அவள் செத்த பிறகு அவளுக்காக ஊரையே கொளுத்துகிறான். இதற்குப் பெயர் பாசமாம். அவளுடைய ஃபோட்டோவைப் பர்ஸில் வைத்துக்கொண்டு பத்துப் பேரைச் சுடுகிறான். சரி, பெண்டாட்டி போனால் புருஷனுக்குப் பழிவாங்க ஆள் கிடைக்கிறான். புருஷன் போனால் பெண்டாட்டி யாரைச் சுடுவது? டாக்டரையா? உப்பையா? பதில் சொல்லாமல் செத்தவனை எந்தத் துப்பாக்கி எடுத்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவது?

சிநேகிதன் தோளில் தட்டி ‘உனக்கு நான் இருக்கேன்டா’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. பெயர் இல்லாத எண். ‘அக்கா, வணக்கம்க்கா, நான் மனோகரி பேசறேன்’ என்றது. ஒரு கணம், செத்துப்போன லிண்டா பேசுகிறாள் என்றே கனகவல்லி நினைத்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். ‘சாயங்காலம் நீங்க ஆட்டோ தேட வேணாம்க்கா. உங்க வீடு எனக்கு வர்ற வழிதான். நானும் எங்க வீட்டுக்காரரும் கார்ல வந்து கூட்டிட்டுப் போயிடறோம்.’ ‘அந்தப் படம் ஓடுது’ என்றாள் கனகவல்லி. ‘ஆமாக்கா, நாங்களும் பாத்துட்டுதான் இருக்கோம். சார் ஹீரோவாச்சே!’ என்று அந்தப் பக்கம் குரல் மலர்ந்தது. அதே மலர்ச்சி, ‘வந்துட்டீங்களா’வில் இருந்தது. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று தோன்றியது. ‘அந்த வாசல்ல கேக்கற வசனம்,’ என்றாள், ‘சாவி எடுத்தாச்சான்னு. அது யாரு சொல்லிக் குடுத்தது?’ மனோகரி சிரித்துவிட்டாள். ‘அய்யோ அத ஏன்க்கா கேக்கறீங்க. பேப்பர்ல அந்த எடத்துல எனக்கு வசனமே இல்லக்கா. அந்தம்மா பேசாம முதுகு காட்டி நிக்கும், அவ்ளோதான். சாருக்கு மட்டும் லிப்பு லேசா அசையும், ரெண்டே ரெண்டு அசைவு. ‘வரேன்’னு எழுதியிருந்துச்சு. சார் முன்னாடி நாளே வந்து பேசிட்டுப் போயிட்டாரு. நான் மறுநாள் போயி உக்காந்து கேட்டா, ‘வரேன்’ இல்ல, ‘எடுத்தாச்சு, விட்டாச்சு’ன்னு இருக்கு. என்னத்த எடுத்தாச்சு, என்னத்த விட்டாச்சு? எங்க யாருக்கும் ஒண்ணும் புரியல. கேள்வியே இல்லாம பதில மட்டும் பேசி வெச்சுட்டுப் போயிட்டாரு மனுஷன். சவுண்ட் என்ஜினியர் ஃபோனப் போட்டு, ‘சார் இது எதுக்குப் பதிலு?’ன்னு கேட்டாரு. அப்புறம்தான் இந்தக் கேள்வியச் சொன்னாராம். ‘அந்தப் பொம்பள முதுகு காட்டிட்டுதான நிக்குது, வாயி தெரியாது, போட்டுக்கங்க’ன்னாராம்.’ ‘யாரு கேக்கற கேள்வின்னு சொன்னாரா?’ என்றாள் கனகவல்லி. ‘அது ஒண்ணும் சொல்லலக்கா. சார் சொந்தமா யோசிச்சது போல. எவ்ளோ அழகா யோசிச்சிருக்காரு பாருங்க! இன்னிக்கு மேடையில அதத்தான் சொல்லப் போறேன், இது சாரோட வசனம்னு. எங்க வீட்டுலயே இப்ப அதுதான்க்கா. இவரு கெளம்பும்போது நான் கேப்பேன், ‘எடுத்தாச்சு, விட்டாச்சு’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போவாரு. சொல்லலைன்னா விட மாட்டேன்ல.’

அது என் வசனம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். மூணே வார்த்தை. இந்தப் பெண்ணிடம் ஒரு தப்பும் இல்லை என்று தெரிந்துபோன அதே நொடியில், இத்தனை வருஷமாகக் கட்டிக்காத்த கால்வாசிச் சந்தேகம் பிடிமானம் இல்லாமல் உதிர்ந்துபோயிற்று, அதைப் பிடித்துக்கொண்டாவது நிற்கலாம் என்றால் அதுவும் இல்லை. அப்படியானால் அவர் யாரிடமும் சொல்லிச் சிரிக்கவில்லை. தனியாக, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூடின கண்ணாடி அறைக்குள், எதிரே ஒரு மஞ்சள் முடிக்காரியின் முதுகைப் பார்த்திருக்கிறார். அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிற முதுகு. அது எந்த முதுகு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. காதில் விழுந்திருக்கிறது, அத்தனை வருஷமும், ஒவ்வொரு நாளும் விழுந்திருக்கிறது. பதிலும் வைத்திருந்திருக்கிறார். அதைக் கொண்டுவந்து வீட்டில் சொல்ல என்ன கேடு? அந்தச் சாயங்காலம் செருப்பைக் கழற்றாமல் நின்றாரே, முருங்கைக்கீரைக்கு எதிரே, அப்போது இதைத்தான் சொல்ல வந்தாரா? ஹீரோவுக்குப் பேசினேன் என்பதோடு நிறுத்திக்கொண்டது, கை கால் கழுவச் சொன்னதாலா? இப்படி யோசித்தால் பழி தன்மேல் வந்து விழும் என்று தெரிந்து, யோசனையை அந்த இடத்தில் அறுத்தாள். இல்லை. அதற்கப்புறமும் ஆயிரம் காலை இருந்தது, ஆயிரம் முறை கேட்டாள், ஆயிரம் முறையும் சாவியைத்தான் குலுக்கினார். எந்த ஊர்க்காரனோ உதட்டை அசைத்தால்தான் இவருக்கு வார்த்தை வரும் என்றால், கட்டினவள் என்ன செய்வாள், அவனையா கட்டிக்கொள்ள முடியும்? ‘அக்கா? லைன்ல இருக்கீங்களா?’ என்றது ஃபோன். ‘இருக்கேம்மா’ என்றாள். ‘நீங்களும் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்க்கா.’ ‘எனக்கு என்னம்மா பேசத் தெரியும்,’ என்றாள் கனகவல்லி, ‘நீயே பேசிடு.’ டிவியில் சிநேகிதன்தான் கொலைகாரன் என்று ஃப்ராங்க் கண்டுபிடித்துவிட்டான். அவள் அதை முதல் பத்து நிமிஷத்திலேயே கண்டுபிடித்திருந்தாள். ஏரிக்கரையில் ரெண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள், மழை பெய்தது, துப்பாக்கி தண்ணீருக்குள் விழுந்து, தேவைப்பட்டபோது கைக்குக் கிடைத்தது. கடைசியில் அவன் அந்தக் கண்ணாடி வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்து, அடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். உதடு அசையவில்லை, உதடு அசையாத இடத்தில் ஞானசுந்தரத்தால் என்ன செய்ய முடியும். பெயர்கள் ஓட ஆரம்பித்தன, யார் யாரோ வெள்ளைக்காரர்கள் பெயர், அவர் பெயர் அதில் வராது என்று தெரிந்தும் கடைசிவரை பார்த்தாள்.

கீழே கார் ஹாரன் அடித்தபோது அவள் முகம் கழுவி, சாம்பல் நிறப் புடவைக்கு மாறி, தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். போகத்தான் வேண்டும். திரை விலகும்போது அந்தச் சட்டத்துக்குள் இருப்பது யார் முகம் என்று பார்க்க வேண்டும். மீசை வைத்த அமெரிக்கனாக இருந்தாலும் இருக்கும். மேஜைமேல் சாவிக் கொத்து அவர் விட்டுவிட்டுப்போன இடத்திலேயே கிடந்தது. இத்தனை நாளும் அதைத் தொடாமல், தன் சாவியைத்தான் எடுத்துப் புழங்கினாள். இன்றைக்கு அதை எடுத்தாள். விசிறியை நிறுத்தினாள், டிவி அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள், கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். உள்ளே அடுக்களையிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள்.

‘சாவி எடுத்தாச்சு’ என்றாள், கதவைப் பார்த்து, சத்தமாக.

மற்றதைச் சொல்லவில்லை. கிரில் கேட்டை அடித்துச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள்.